‘எல்லாரும் சேர்ந்துதானே பண்றீங்க?’ ‘ஆமா மேம்!’

கேள்வி: திருச்சியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு மூன்று பேர் ஒரு குழு. மருந்துக்கடைக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போடும் புரோகிராம். ஜூலையில் ஆரம்பித்தோம். டேபிள் போட்டது, பில் பகுதி எழுதியது, ரிப்போர்ட் டைப் செய்தது எல்லாம் நான்தான். ஒருத்தி என் நெருங்கிய தோழி. ஒருமுறை ஏதோ எழுதி அனுப்பினாள். அதில் தப்பு இருந்ததால் ராத்திரியோடு ராத்திரியாக நானே வேறு எழுதிவிட்டேன். அதற்கப்புறம் அவள் ஒன்றும் செய்யவில்லை. கேட்டால் ‘வீட்ல கம்ப்யூட்டர் இல்லையே’ என்கிறாள். இன்னொருவன் ஜே.இ.இ. கோச்சிங் போகிறான். ‘ப்ரிண்ட், பைண்டிங் செலவு மொத்தமும் நான் பாத்துக்கறேன்’ என்கிறான். போன வாரம் மேம், ‘எல்லாரும் சேர்ந்துதானே பண்றீங்க?’ என்று கேட்டார். நானே ‘ஆமா மேம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா பள்ளிக்கு வந்து பேசுகிறேன் என்கிறார். பேசாமல் நானும் விட்டுவிடலாமா? பிராக்டிகலுக்கு எட்டு வாரம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

விட்டுவிடாதே. உன் கோபம் நியாயமானது. மூன்று பேர் பெயர் போட்ட அட்டைக்குள் ஒருத்தியின் உழைப்பு மட்டும் இருந்தால் அதற்கு அநியாயம் என்றுதான் பெயர். ‘குரூப் ஒர்க்னா அப்படித்தான், கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் இதில் பாதி, வேலையைப் பிரித்த விதத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதியை மாற்ற எட்டு வாரம் போதும். நடுவில் ப்ரீ-போர்டு தேர்வுகள் வரும் என்பதால் உண்மையில் கையில் இருப்பது ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்.

முதலில் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவோம். தியரி 70, பிராக்டிகல் 30. அந்த முப்பதில் லேப் டெஸ்ட் 12, ரெக்கார்ட் 7, ப்ராஜெக்ட் 8, வைவா என்ற வாய்மொழித் தேர்வு 3. லேப் டெஸ்ட், ரெக்கார்ட், வைவா மூன்றும் அவரவர் தனியாக வாங்குவது. குழுவின் உழைப்பில் நிற்பது அந்த எட்டு மட்டும்தான். உன் வருத்தம் வெறும் எட்டு மதிப்பெண்ணுக்கானது இல்லை என்று தெரியும். ஆனாலும் இந்த எட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுபதைக் கோட்டை விடக்கூடாது. இனி இந்த ப்ராஜெக்டுக்கு வாரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதே.

மற்ற இருவரும் ஏன் ஒதுங்கினார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். ஊர்த் தேரை நினைத்துப் பார். வடத்தில் நூறு கை இருக்கும். எத்தனை கை இழுக்கிறது, எத்தனை கை சும்மா பிடித்துக்கொண்டு நடக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. பிரான்சில் வேளாண் பொறியாளராக இருந்த மாக்ஸ் ரிங்கெல்மான் இப்படிச் சேர்ந்து இழுப்பதை அளந்து 1913-இல் வெளியிட்டார். தனியாக ஒருவர் இழுக்கும் விசை 100 என்றால் இரண்டு பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, மூன்று பேரில் 85, எட்டுப் பேர் சேர்ந்தபோது வெறும் 49. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம். அதைப் பிரித்துப் பார்க்க 1979-இல் அமெரிக்காவில் பிப் லட்டானேயும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, ‘ஆறு பேர் சேர்ந்து கத்துகிறீர்கள்’ என்று நம்பவைத்து, ஒருவரை மட்டும் கத்தவிட்டார்கள். கூட ஆள் இருக்கிறது என்ற நினைப்பிலேயே சத்தம் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு இறங்கிவிட்டது. பிறகு அதே ஆய்வாளர்கள், ஒவ்வொருவர் சத்தமும் எப்போதும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று சொல்லிப் பார்த்தபோது அந்த இறக்கம் மறைந்தது. உன் குழுவுக்கும் இதே மருந்துதான்: யார் எதைச் செய்தார் என்பது தானாகவே வெளியில் தெரிய வேண்டும்.

நானும் விட்டுவிடலாமா என்று உனக்குத் தோன்றுவதும் புதிதில்லை. செய்யத் தெரிந்த கூட்டாளி சும்மா இருப்பதைப் பார்த்தால், தனக்கே நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று மனிதர்கள் கையை மடக்கிக்கொள்கிறார்கள். நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1983-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஏமாளியாக இருக்க யாருக்கும் மனம் வராது. அந்த எண்ணத்துக்காக உன்னையே நொந்துகொள்ளாதே. அதன்படி நடக்காமல் இருந்தால் போதும்.

இனி உன் குழுவுக்கு வருகிறேன். ஜூலையில் நீங்கள் வேலையைப் பிரித்தது அநேகமாக இப்படி இருக்கும்: ‘நீ கோடிங், அவ ரிப்போர்ட், இவன் ப்ரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணட்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடிங் முடியாமல் ரிப்போர்ட் தொடங்காது, ரிப்போர்ட் முடியாமல் பைண்டிங் இல்லை. அதனால் முதல் நான்கு மாதம் ஒருவருக்கு மட்டும் வேலை, மற்ற இருவருக்கும் காத்திருப்பு. கடைசியில் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்பதும் கோடு எழுதியவருக்குத்தான் தெரியும் என்பதால் அதுவும் உன் தலையிலேயே வந்து விழும். பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வேலையை வகையாகப் பிரிக்கக்கூடாது. புரோகிராமின் பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியை எடுத்தவர் அதற்கான ஃபங்ஷனையும் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், ரிப்போர்ட்டில் அந்தப் பகுதிக்கான பக்கங்களையும் அவரே டைப் செய்ய வேண்டும்.

மருந்துக்கடை இதற்கு வசதியான தலைப்பு. அது தானாகவே மூன்றாகப் பிரிகிறது. இருப்பு: புது மருந்து சேர்ப்பது, பெயரை வைத்துத் தேடுவது, அளவைத் திருத்துவது, நீக்குவது. பில்: மருந்து எண்ணும் எண்ணிக்கையும் வாங்கி, அவ்வளவு இருப்பு இருக்கிறதா என்று பார்த்து, கூட்டுத்தொகை போட்டு, விற்பனை டேபிளில் பதிந்து, இருப்பைக் குறைப்பது. பட்டியல்: அடுத்த 30 நாளில் காலாவதியாகும் மருந்துகள், பத்துக்குக் கீழே போன மருந்துகள், இன்றைய மொத்த விற்பனை. இரண்டு டேபிளையும் ஒரே நேரத்தில் தொடுவதால் பில்தான் கடினமானது. அதை நீ ஏற்கெனவே முடித்துவிட்டாய், அது உன்னிடமே இருக்கட்டும். இருப்பு தோழிக்கு. பட்டியல் அந்தப் பையனுக்கு.

கோப்புகளும் அப்படியே பிரியட்டும். ஸ்டாக், பில், லிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு பைத்தான் கோப்பு. மெனுவைக் காட்டி மூன்றையும் கூப்பிடும் மெயின் கோப்பு ஒன்று. டேபிள்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லுடன் இணைக்கும் நான்கு வரிக்குத் தனியாக ஒரு கோப்பு. இந்தக் கடைசிக் கோப்பு மிக முக்கியம். ஒவ்வொரு கணினியிலும் கடவுச்சொல் வேறாக இருக்கும். அது புரோகிராமுக்குள் எட்டு இடத்தில் சிதறிக் கிடந்தால் ‘என் கம்ப்யூட்டர்ல ஓடலை’ என்ற பேச்சிலேயே ஒரு வாரம் போய்விடும். எல்லாக் கோப்பும் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கடைசி’ என்று அனுப்பிக்கொண்டால் யார் எதைத் திருத்தினார் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எழுதியவர் பெயரும் தேதியும் கமெண்டாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று செய். இருப்பைக் குறைக்கும் ஃபங்ஷனை இப்போது நீ பில்லுக்குள்ளேயே எழுதியிருப்பாய். அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, தோழியின் கோப்பில் இருக்க வேண்டிய ஃபங்ஷனாக மாற்று. மருந்து எண்ணும் எண்ணிக்கையும் கொடுத்தால் அது இருப்பைக் குறைத்து, சரி அல்லது போதாது என்று பதில் தர வேண்டும். அவள் எழுதித் தரும்வரை எப்போதும் ‘சரி’ என்று மட்டும் சொல்லும் இரண்டு வரி போலி ஃபங்ஷனை வைத்து உன் பில்லை ஓட்டிப் பார்த்துக்கொள். அவளுடையது வந்த பிறகுதான் உன்னுடையது முழுமையாகும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தான் செய்தாலும் செய்யாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்று தெரிந்த இடத்தில் யாருக்கும் கை ஓடாது. நீ எல்லாவற்றையும் முடித்துவைத்திருக்கும்போது அவள் செய்வதற்கு என்ன இருக்கிறது?

இங்கே உன் பங்கையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அவள் ஒருமுறை எழுதி அனுப்பினாள். ராத்திரியோடு ராத்திரியாக நீ அதை எடுத்துவிட்டு வேறு எழுதினாய். மறுநாள் அவள் ஃபோனில் அதைத் திறந்து பார்த்தபோது தான் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. அவள் ஒதுங்கியது அதற்குப் பிறகுதான் என்று உன் கடிதமே சொல்கிறது. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நேரமாகிறதே என்ற பதைப்பில் செய்தாய். ஆனால் அவளுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி ‘உனக்கு வராது’ என்பதுதான்.

அவள் அனுப்பிய அந்தப் பழைய கோடு வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கும். தேடி எடு. பன்னிரண்டாம் வகுப்பில் இந்த மாதிரிப் பகுதியில் வரும் தப்பு பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும் கட்டளையான கமிட்டைப் போட மறப்பது. மருந்தைச் சேர்த்துவிட்டு உடனே தேடினால் கிடைக்கும். புரோகிராமை மூடித் திறந்தால் காணாமல் போயிருக்கும். மற்றொன்று, மருந்தின் பெயரை எஸ்கியூஎல் வரிக்குள் கூட்டல் குறி போட்டு ஒட்டுவது. பெயருக்குள் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வந்தால் வரியே உடைந்துவிடும். இரண்டும் ஆளுக்கு ஒரு வரியில் சரியாகிற தப்பு. நீ திருத்தாதே. ‘புரோகிராமை மூடிட்டு மறுபடி ஓட்டி, நேத்து சேர்த்த மருந்து இருக்கான்னு பாரு’ என்று மட்டும் சொல். இல்லாததை அவளே பார்த்து, ஏன் என்று அவளே தேடினால் கமிட்டை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள். வைவாவில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குவாய். மன்னிப்பில் தொடங்கு, அது உண்மையும்கூட. ‘அன்னிக்கு உன்னைக் கேக்காம உன் கோடை மாத்திட்டேன்டி, அது தப்பு. இருப்புப் பகுதி உன்னோடதுதான், அதை நீதான் முடிக்கணும். வீட்ல கம்ப்யூட்டர் இல்லாததுக்கு என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிப்போம்.’ இதற்கு மேல் பழைய கதை எதையும் எடுக்காதே. ‘நான் எத்தனை ராத்திரி முழிச்சேன் தெரியுமா’ என்று ஆரம்பித்தால் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பாள். வேலைப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் இல்லை என்பது சாக்காகவும் இருக்கலாம். நிஜமாகவே இருக்கவும் செய்யலாம், பல வீடுகளில் நிஜம்தான். லேப் பீரியடை மட்டும் வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதி முடிப்பது கடினம். அவளிடம் ஆண்ட்ராய்ட் ஃபோன் இருந்தால் பைட்ராய்ட் என்ற செயலியில் பைத்தான் எழுதி ஓட்டலாம். ஃபோனில் மைஎஸ்கியூஎல் போடுவது தலைவலி. அதற்குப் பதில் பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்கியூலைட்டை வைத்து வீட்டில் எழுதிப் பார்க்கட்டும். லேப்புக்கு வந்ததும் இணைக்கும் கோப்பை மாற்ற வேண்டும். மதிப்பு வரும் இடத்தில் எஸ்கியூலைட்டுக்குப் போட்ட கேள்விக்குறியை எடுத்துவிட்டு, மைஎஸ்கியூஎல்லுக்கான சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் போட வேண்டும். மற்ற வரிகள் ஏறக்குறைய அப்படியே ஓடும். ஃபோனும் சரிப்படாது என்றால் நோட்டில் பேனாவால் எழுதி வரட்டும்; போர்டு தேர்வில் பைத்தானைப் பேப்பரில்தானே எழுதப் போகிறோம்? மதிய இடைவேளையில் லேப்பைத் திறந்துவிட மேமிடம் அனுமதி கேட்டு, நீயும் அவளோடு போய் உட்கார். டைப் அடிப்பது அவளாக இருக்கட்டும்.

அந்தப் பையனுடைய நிலை வேறு. அவனுக்குத் தெரியாமலோ வசதி இல்லாமலோ இல்லை. ஜனவரியில் வழக்கமாக ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் சுற்று வரும், அந்தப் பயத்தில் இதைக் கடைசியில் தள்ளிவிட்டான். அவனிடம் ‘ஏதாவது பண்ணு’ என்று கேட்டால் ‘பண்றேன்’ என்பான், அதோடு முடிந்தது. அளவைச் சொல்லிக் கேள்: ‘பட்டியல் பகுதியில மூணே மூணு செலக்ட் வரி. மொத்தம் அறுபது வரி கோடு வரும். ரெண்டு ஞாயித்துக்கிழமை, ஒன்றரை மணி நேரம். எந்த ஞாயிறு உனக்கு முடியும்?’ இப்படி அளந்து கேட்கும்போது மறுப்பது கடினம், ஒப்புக்கொண்ட தேதியும் அவன் வாயிலிருந்தே வரும். ஒரு விஷயத்தை மட்டும் நீ முன்கூட்டியே பார்த்துவை: காலாவதித் தேதிக்கான பத்தியை டேட் வகையில் போட்டிருக்கிறாயா? வெறும் எழுத்தாகப் போட்டிருந்தால் 05-12 என்பதும் 20-11 என்பதும் எழுத்து வரிசையில் ஒப்பிடப்பட்டு, 30 நாள் கணக்கு தப்பாக வரும். அவன் அதில் சிக்கிக்கொண்டு இரண்டாவது ஞாயிறையும் தொலைத்துவிட்டு, ‘டேபிளே தப்பா போட்டிருக்கா’ என்று விலகிவிடுவான்.

செலவு முழுவதையும் தான் ஏற்பதாகச் சொன்னானே, அதை ஒத்துக்கொள்ளாதே. பணத்தைக் கொடுத்துவிட்டால் தன் பங்கு முடிந்தது என்ற நினைப்பு இருவருக்கும் வந்துவிடும். ப்ரிண்ட்டும் ஸ்பைரல் பைண்டிங்கும் எவ்வளவு ஆனாலும் மூன்றாகப் பிரியுங்கள். தோழிக்கு அதுவும் கஷ்டம் என்றால், கடைக்குக் கொண்டுபோய் எடுத்துவரும் வேலை அவளுடையதாக இருக்கட்டும்.

இனி தேதி. வெள்ளி இரவு ஒன்பது மணி என்று ஒரே நேரம் வை. அந்த வாரத்துக்குரிய கோப்பு அதற்குள் டிரைவில் வர வேண்டும், பாதி ஓடினாலும் சரி. வராவிட்டால் நீ அதை எழுதக்கூடாது. இதுதான் உனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும். சனிக்கிழமை காலை ஒரு செய்தி மட்டும்: ‘இருப்புப் பகுதியில தேடுற ஃபங்ஷன் இன்னும் வரலை. எங்கயாவது மாட்டிக்கிச்சா? இன்னிக்கு நாலு மணிக்கு கால் பண்ணவா?’ அடுத்த வெள்ளியும் வராவிட்டால்: ‘திங்கக்கிழமை மேம்கிட்ட எது வந்திருக்கு, எது வரலைன்னு காட்டப் போறேன். அதுக்குள்ள போட்டுட்டேன்னா நல்லது.’ சொன்னபடி திங்களன்று போ. இந்தச் செய்திகள் மூன்று பேர் குழுவில் மட்டும் இருக்க வேண்டும். வகுப்பு குரூப்பில் ஒரு வார்த்தை போட்டாலும் பேச்சு ப்ராஜெக்டைப் பற்றியதாக இருக்காது, உன்னைப் பற்றியதாகிவிடும்.

வராத பகுதியால் உன்னுடையது படுத்துவிடாது. மெயின் மெனுவில் அந்த எண்ணை அழுத்தினால் ‘இந்தப் பகுதி தயாராகிறது’ என்று அச்சிடும் ஒரு வரியைப் போட்டு வை. பில் ஓடும். இல்லாதது இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ராத்திரி நீ உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால், அங்கே ஓட்டை இருந்தது என்பதையே யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது அந்த ‘ஆமா மேம்’. ஒரு நொடியில் வாயில் வந்துவிட்ட சொல்தான், ஆனால் உன்னைக் கட்டிப்போட்டது அதுதான். தோழியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் சொன்னாய். மேம் நிம்மதியாக அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். இனி நீ மாற்றிச் சொன்னால் போன வாரம் சொன்னது பொய்யாகும். அடுத்தமுறை இப்படிக் கேட்கும்போது காட்டிக்கொடுக்காத, பொய்யும் இல்லாத பதில் ஒன்று இருக்கிறது: ‘மூணு பகுதியாப் பிரிச்சிருக்கோம் மேம். அவங்கவங்க பகுதியை அவங்கவங்களே காட்டுறோம்.’ இதைச் சொல்ல அடுத்தமுறை வரைக்கும் காத்திருக்காதே. பகுதிகளைப் பிரித்து முடித்த அதே வாரத்தில், லேப் பீரியட் முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும், முடிந்தால் மூன்று பேரும் சேர்ந்தே மேமிடம் போங்கள்.

கையில் ஒரு தாள் இருக்கட்டும். பகுதி, பொறுப்பாளர் பெயர், தருவதாகச் சொன்ன தேதி, வந்த தேதி. நான்கே பத்தி. குறை எதையும் அதில் எழுதாதே, காலியான கட்டமே சொல்லும். ‘மேம், போன வாரம் எல்லாரும் பண்றோம்னு சொன்னேன். அப்ப அது சரியா நடக்கலை. இப்ப இப்படிப் பிரிச்சிருக்கோம். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் பார்த்து, ஆளாளுக்கு அவங்க பகுதியைக் கேக்குறீங்களா மேம்?’ இப்படிப் போய்க் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். ‘அவங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணலை மேம்’ என்று மட்டும் போய் நின்றால், மேம் மூவரையும் கூப்பிட்டு ‘ஒழுங்கா சேர்ந்து பண்ணுங்க’ என்று சொல்லி அனுப்பத்தான் அவருக்கு வழி இருக்கும். குழுவைப் பிரித்துவிடுங்கள் என்ற கோரிக்கையை இப்போது வைக்காதே. ப்ராஜெக்ட் இரண்டு அல்லது மூன்று பேராகச் செய்ய வேண்டியது என்றுதான் பாடத்திட்டம் சொல்கிறது. இன்னும் எட்டு வாரமே இருக்கும்போது குழுவை மாற்றுவதும் எளிதில்லை. இரண்டு வெள்ளி தாண்டியும் ஒருவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் மட்டும், அந்தத் தாளோடு போய் ‘மதிப்பெண்ணை அவரவர் பகுதியை வைத்துப் போடுங்கள்’ என்று கேள்.

அம்மாவை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல். அவர் வந்தால் இது மாணவர்களுக்குள்ளே தீர்க்கிற விஷயமாக இல்லாமல் பெற்றோர் புகாராக மாறிவிடும். அந்த இருவரின் வீட்டுக்கும் ஃபோன் போகும். ஆனால் அம்மாவிடம் எதையும் மறைக்காதே. தாளைக் காட்டு, எந்தத் தேதியில் மேமைப் பார்க்கிறாய் என்று சொல். நீ போய்ப் பேசியும் இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை என்றால் அப்போது அவர் வரட்டும். அதே தாளோடு வரட்டும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது பேர் வகுப்பில் பதினான்கு குழு வரும். குழுவுக்குப் பத்து நிமிடம் என்றால் நூற்று நாற்பது நிமிடம், நாற்பது நிமிடப் பீரியட் மூன்றரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது முடியாவிட்டால் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். ‘எல்லாரும் பண்றீங்களா’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் வராது, குழந்தைகளால் சொல்லவும் முடியாது. அதற்குப் பதிலாக ஒருவரைக் கூப்பிட்டு, ‘பத்துக்குக் கீழேன்னு இருக்கிறதை இருபதுக்குக் கீழேன்னு மாத்தி ஓட்டிக் காட்டு’ என்று சொல்லுங்கள். எழுதியவர் நேராக அந்த வரிக்குப் போவார். எழுதாதவர் கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பார். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம்.

மீண்டும் உனக்கு. வைவாவில் புறத்தேர்வாளர் ‘இது என் பகுதி இல்லை சார்’ என்ற பதிலை ஏற்கமாட்டார். ஃபெட்ச்ஒன், ஃபெட்ச்ஆல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம், கர்சர் எதற்கு, கமிட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மூவரிடமும் கேட்பார். அதனால் கடைசி வாரத்தில் ஆளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் தன் கோப்பை வரிவரியாகச் சொல்லிக்கொடுங்கள். உனக்கும் இது வேண்டும். இருப்புப் பகுதியை இந்த முறை நீ எழுதியிருக்க மாட்டாய்.

பிராக்டிகலுக்கு இரண்டு நாள் முன்னால் மூன்று பேரும் பள்ளி லேப்பில், தேர்வன்று உட்காரப்போகும் அதே கணினியில் ஓட்டிப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லுடன் இணைக்கும் கனெக்டர் அதில் இருக்கிறதா, கடவுச்சொல் என்ன என்று பார். லேப்பில் லினக்ஸ் இருந்தால் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். விண்டோஸில் ஓடியது அங்கே ‘டேபிள் இல்லை’ என்று நிற்கும். இருபது மருந்தாவது முன்கூட்டியே பதிந்து வையுங்கள், அதில் இரண்டு மூன்று அடுத்த 30 நாளில் காலாவதியாகிறதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டியல் காலியாக வரும். இருப்பைத் தோழி ஓட்டிக் காட்டட்டும், பட்டியலை அந்தப் பையன் ஓட்டட்டும். அவர்கள் ஓட்டும்போது எங்காவது பிழை வந்து நிற்கும். அப்போது கீபோர்டை நீ தொடாதே.